லாவோஸின் வயல்களில் எட்டுக் கோடி குண்டுகள்

நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளை உள்ளே அடைத்துச் செல்லும் ஓர் உறையே கொத்துக்குண்டு எனப்படுகிறது. ஈழத்து இதழ்கள் இதைக் கொத்தணிக் குண்டு என்று எழுதும். விமானத்திலிருந்து போடப்பட்டாலும் பீரங்கியிலிருந்தோ ராக்கெட்டிலோ ஏவப்பட்டாலும், அவ்வுறை நிலத்தைத் தொடுமுன் வானிலேயே பிளந்து, உள்ளிருக்கும் குறுங்குண்டுகளைப் பல கால்பந்து மைதானங்களின் பரப்புக்கு வாரி இறைத்துவிடுகிறது. பரவி நிற்கும் படைகளையும் பீரங்கி நிலைகளையும் ஒரே வீச்சில் தாக்குவதற்காக உருவாக்கப்பட்ட இந்த ஆயுதம், தான் விழும் பரப்பில் இருப்பவர் படைவீரரா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயா என்று பிரித்தறிய வழியே இல்லாதது. கிழக்கு உக்ரைனின் கிரமட்டோர்ஸ்க் ரயில் நிலையத்தில், ஊரைவிட்டு வெளியேறுவதற்காகக் காத்திருந்த கூட்டத்தின்மீது 2022 ஏப்ரல் 8 அன்று கொத்துக்குண்டு ஏந்திய ஏவுகணை வந்து விழுந்தபோது 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தாக்குதல் நடக்கும் நேரத்து அழிவு இது. வீசப்பட்ட குறுங்குண்டுகளில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணில் தங்கிவிடுவதால், போர் முடிந்த பின்னும், சில நாடுகளில் இரண்டு தலைமுறைகள் கடந்த பின்னும், இரண்டாவது அழிவு தொடர்ந்து நடக்கிறது. இதன் முழு அளவையும் உணர லாவோஸைத்தான் பார்க்க வேண்டும்.

தென்கிழக்கு ஆசியாவில், கடற்கரையே இல்லாத மலைநாடு லாவோஸ். அதன் நடுநிலைமையை மதிப்பதாக 1962இல் ஜெனீவாவில் வல்லரசுகள் ஒப்புக்கொண்டிருந்தன. ஆயினும் வட வியட்நாம் தன் படைகளுக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை லாவோஸின் காடுகள் வழியே சென்றதாலும், நாட்டின் வடகிழக்கில் பதேத் லாவோ எனும் இடதுசாரி இயக்கம் வலுப்பெற்றிருந்ததாலும், 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின்மீது ஏறத்தாழ 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளைக் கொட்டின. ஒன்பது ஆண்டுகள், இரவு பகலாக, எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை என்ற கணக்கு இது. தன் நாட்டு மக்களுக்கே தெரிவிக்காமல் அமெரிக்க அரசு நடத்திய இப்போரின் கொடுமை வெளியே தெரிந்ததில், தலைநகர் வியந்தியானைச் சுற்றியிருந்த அகதி முகாம்களில் விவசாயிகள் வரைந்த படங்களையும் சொன்ன வாக்குமூலங்களையும் திரட்டி 1972இல் நூலாக்கிய ஃப்ரெட் பிரான்ஃப்மன் எனும் அமெரிக்கருக்குப் பெரும் பங்குண்டு.

கொட்டப்பட்டவற்றில் குறுங்குண்டுகள் மட்டும் 27 கோடிக்கும் அதிகம். அவற்றில் 30 விழுக்காடு வரை, அதாவது சுமார் எட்டுக் கோடி, வெடிக்காமல் மண்ணிலேயே தங்கின என்று மதிப்பிடப்படுகிறது. லாவோஸ் மக்கள் ‘பொம்பி’ என்று அழைக்கும் இந்தக் குறுங்குண்டுகளில் மிகுதியாகக் கிடைக்கும் வகை டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறியது. அதன் உலோக ஓட்டுக்குள் முந்நூறு எஃகு உருண்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். வெடிக்கும்போது அவை எல்லாத் திசைகளிலும் தோட்டாக்களாகப் பாயும். காற்றில் விழும்போது சுழன்றால்தான் வெடிப்பொறி தயார் நிலைக்கு வரும் வகையில் ஓட்டின் வெளிப்புறத்தில் வரம்புகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சுழற்சி போதாமல் போனாலும், மரக்கிளையில் தட்டி விழுந்தாலும், சேற்றுவயலிலோ புதரிலோ மெத்தென்று இறங்கினாலும் அது வெடிக்காமல் கிடந்துவிடும். நெல்வயலும் அடர்காடும் நிறைந்த ஒரு நாட்டில் இப்படி நேர்வதை எதிர்பாராத விபத்து என்று கூறுவதற்கில்லை. அங்கே கொத்துக்குண்டு வீசியவர்கள், தெரிந்தோ தெரிந்துகொள்ள அக்கறையின்றியோ, கண்ணிவெடி விதைப்பதற்கு ஒப்பான செயலையே செய்தனர்.

வெடிக்காத பொம்பி செயலிழந்துவிடுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் பொறி துருவேறி, எந்த அசைவுக்கு வெடிக்கும் என்று எவராலும் கணிக்க முடியாத நிலையை அடைகிறது. நடவுக்காக மண்ணைக் கொத்தும் மண்வெட்டி அதன்மேல் படலாம்; முற்றத்து மண்ணுக்கடியில் பல காலம் கிடந்த ஒன்று, மேலே மூட்டப்பட்ட அடுப்புத் தீயின் வெப்பத்தில் வெடிக்கலாம். காட்டை எரித்துப் பயிரிடும் மலைச்சாகுபடியில் ஆண்டுதோறும் தீ வைத்தே தீர வேண்டியிருப்பதால் ஆபத்து மேலும் கூடுகிறது. மழைக்காலத்தில் சரியும் மண், முன்பு பாதுகாப்பாக இருந்த பாதைக்கும் குண்டுகளை இழுத்து வந்துவிடுகிறது. மாடு மேய்க்கும் சிறுவர்களின் கண்ணுக்கு அது பந்தாகத் தெரிகிறது. 1964 முதல் 2008 வரை ஏறத்தாழ 50,000 பேர் வெடிபொருள்களால் கொல்லப்பட்டோ காயமுற்றோ இருக்கின்றனர். அவர்களுள் சுமார் 20,000 பேர் போர் முடிந்த பிறகு பாதிக்கப்பட்டவர்கள்.

ஆபத்து தெரிந்திருந்தும் மக்கள் ஏன் அந்நிலத்தில் இறங்குகிறார்கள் என்ற கேள்வி எளிதாக எழும். அதற்கான விடை வறுமைதான். உழாவிட்டால் உணவில்லை என்னும் குடும்பத்துக்கு, குண்டு இருக்கக்கூடும் என்ற அச்சத்தைவிட அரிசி இல்லை என்ற உறுதி பெரிது. பழைய இரும்பு வாங்கும் வியாபாரிகள் எடைக்குக் காசு கொடுப்பதால், மலிவான உலோகங்காட்டிக் கருவியோடு குண்டுத் துண்டுகளைத் தேடித் தோண்டுவது பல ஊர்களில் ஒரு பிழைப்பாகவே இருந்துவந்திருக்கிறது. சியங் குவாங் மாகாணத்தில் குண்டு உறைகளை வீட்டுக் கால்களாகவும் பூந்தொட்டிகளாகவும் காண்பதை வியப்போடு படமெடுக்கும் சுற்றுலாப் பயணிகள், அந்த உலோகம் என்ன விலை கொடுத்துப் பொறுக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அகற்றும் பணியோ மிக மெதுவானது. 1996இல் தொடங்கப்பட்ட யுஎக்ஸ்ஓ லாவோ எனும் அரசு அமைப்பும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் இப்பணியைச் செய்கின்றன. கயிறு கட்டிப் பிரித்த குறுகிய பாத்திகளில் பணியாளர் கருவியை மண்ணுக்கு மேல் மெல்ல அசைத்துச் செல்வார். ஒலி எழுந்த இடத்தில் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து சிறு கரண்டியால் மண்ணை விலக்குவார். பெரும்பாலும் அங்கே கிடைப்பது ஆணியோ குண்டுச் சிதறலோதான். ஆனால் ஒவ்வோர் ஒலியையும் குண்டாகவே கருதித் தோண்டியாக வேண்டும். பொம்பி தென்பட்டால் அதைத் தொடாமல், ஊர் மக்களை விலக்கிவிட்டு, அதே இடத்தில் வெடிவைத்து அழிக்கிறார்கள். இக்காலத்துக்கு ஈராயிரம் ஆண்டுகள் முந்தைய பெரும் கல்தாழிகள் நிற்கும் தாழிகள் சமவெளி, 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று; அங்கே தொல்லியலாளரும் குண்டு அகற்றப்பட்ட நிலத்தில்தான் கால் வைக்க முடியும். 2015இல் உலக நாடுகள் ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளோடு, வெடிக்காத குண்டுகளிலிருந்து உயிர்களைக் காத்தல் என்பதைப் பதினெட்டாவது இலக்காக லாவோஸ் தனக்கெனச் சேர்த்துக்கொண்டது. பதவியிலிருக்கும்போது லாவோஸுக்குச் சென்ற முதல் அமெரிக்க அதிபரான ஒபாமா 2016இல் இப்பணிக்காக மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். அது வரவேற்கத்தக்கதே, ஆனால் குண்டுவீச்சு நின்று 43 ஆண்டுகள் கழிந்திருந்தன.

லாவோஸின் அனுபவம் உலகத்துக்குப் பாடமாகவில்லை. 2001இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா வீசிய குறுங்குண்டுகளும், அதே காலத்தில் பட்டினியில் வாடியோருக்காக அது வானிலிருந்து போட்ட உணவுப் பொட்டலங்களும் ஒரே மஞ்சள் நிறத்தில் இருந்தன. எச்சரிக்கை ஒலிபரப்புகளுக்குப் பிறகு பொட்டலத்தின் நிறம் மாற்றப்பட்டது. 2006இல் தெற்கு லெபனானில் இஸ்ரேல் வீசிய கொத்துக்குண்டுகளில் மிகப் பெரும்பகுதி, போர்நிறுத்தம் வரப்போவது தெரிந்திருந்த கடைசி 72 மணி நேரத்தில் வீசப்பட்டதாக ஐ.நா. அதிகாரிகள் தெரிவித்தனர்; ஒலிவத் தோப்புகளும் புகையிலை வயல்களும் நுழைய முடியாத நிலங்களாயின. அந்த அதிர்ச்சியில்தான் நார்வே முன்கை எடுக்க, 2008 மே மாதம் டப்ளினில் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தம் உருப்பெற்று, 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயன்பாடு, தயாரிப்பு, கைமாற்றம், இருப்பு ஆகிய அனைத்தையும் தடை செய்யும் இவ்வொப்பந்தம், இருப்பை எட்டு ஆண்டுகளிலும் மண்ணில் கிடப்பதைப் பத்து ஆண்டுகளிலும் அகற்றச் சொல்வதோடு, பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் சேரவில்லை.

புதிய வகைக் குண்டுகளில் வெடிக்காதவை மிகக் குறைவு என்பது ஆதரவாளர்களின் வாதம். 2023இல் உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு எறிகணைகளை அனுப்பியபோது, அவற்றில் 2.35 விழுக்காட்டுக்கு மேல் பழுதாகாது என்றது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அக்கணக்கை அப்படியே ஏற்றாலும், 88 குறுங்குண்டுகள் கொண்ட எறிகணைகளில் ஆயிரம் சுடப்பட்டால் 2,000க்கும் மேற்பட்டவை வெடிக்காமல் கிடக்கும். ஒரு போரில் ஆயிரம் எறிகணைகள் என்பது சிறு எண்ணிக்கை. மேலும், சோதனைக் களத்தின் கெட்டித் தரையில் எடுத்த விழுக்காடு சேற்றிலும் பனியிலும் பொருந்துவதில்லை.

2025 மார்ச்சில், ரஷ்ய அச்சுறுத்தலைக் காரணம் காட்டி, லிதுவேனியா இவ்வொப்பந்தத்திலிருந்து விலகியது. சேர்ந்த நாடு ஒன்று விலகியது இதுவே முதல் முறை. போரின் அச்சம் உண்மையானது என்றாலும், வெடிக்காத குண்டுகள் எஞ்சப்போவது லிதுவேனியாவின் வயல்களிலேதான். இலங்கை 2018இல் ஒப்பந்தத்தில் சேர்ந்து, மறு ஆண்டு உறுப்பு நாடுகளின் கூட்டத்துக்குத் தலைமையும் ஏற்றது. உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் கொத்துக்குண்டு பயன்படுத்தியதை அந்நாட்டு அரசு மறுத்தாலும், வன்னியில் குறுங்குண்டுகள் கிடைத்ததாக 2012இல் வெளியான செய்தி முழுமையான விசாரணையைக் கோருவதாகவே இருக்கிறது. இந்தியா இதுவரை கையெழுத்திடவில்லை. எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டும் அந்த நிலைப்பாட்டை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்கும்படி, தம் தொகுதி உறுப்பினரிடம் ஒவ்வொரு வாக்காளரும் கேட்க வேண்டும்.