ஒரு கல்வெட்டு, இரண்டு காலங்கள்

நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி? திருமலைக் கோயில் சுவரே பாடம் சொல்கிறது.

திருமலைக் கோயிலில் உள்ள போக சீனிவாசரின் வெள்ளித் திருமேனியை வழங்கியவர் பல்லவ குலத்துச் சாமவை. எப்போது? ஒரு நூல் கி.பி. 614 என்கிறது. இன்னொரு நூல் 966 என்கிறது. இடைவெளி 352 ஆண்டுகள். இரண்டும் சொல்வது ஒரே கொடையைத்தான்.

கல்வெட்டில் இந்த இரண்டு எண்களுமே இல்லை. மகேந்திர பன்மர் என்று படிக்கப்பட்ட ஓர் அரசனின் 14-ஆம் ஆட்சியாண்டு என்பதே அதில் உள்ள குறிப்பு. அவரை, கி.பி. 600 வாக்கில் பட்டம் ஏறிய மகேந்திரவர்மனாகக் கொண்டால் 614 வருகிறது. பிற்காலத்து மன்னர் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. இதை யோசிக்காமல் கைக்குக் கிடைத்த எண்ணை எடுத்து எழுதும் ஒவ்வொரு கட்டுரையும், குழப்பத்தை அடுத்த கட்டுரைக்குக் கைமாற்றி விடுகிறது.

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-லும், சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997-லும் தொடங்கப்பட்டன. ஆய்வுக்கு இடமும் உண்டு, பொருளும் உண்டு. திருமலை, திருப்பதி வட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை தமிழ்.

ஆனால் சறுக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது. 'திருமலைக் கல்வெட்டுகள் - ஓர் ஆய்வு' என்று வைத்தால் கம்பீரமாக இருக்கும், கேள்வி இருக்காது. பதினைந்து பக்கத்தில் அத்தனை கல்வெட்டுகளையும் தொட்டுக்கொண்டு போகலாம், ஆராய முடியாது. 'சாமவை கல்வெட்டின் காலம் எது?' என்று கேட்டால் வேலை தொடங்கிவிடுகிறது. எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, மூலத்துக்குப் போவது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோரின் உழைப்பில் தேவஸ்தானம் இக்கல்வெட்டுகளை 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது. முன்னுரையை மட்டும் புரட்டினால் போதாது, கல்வெட்டு வாசகத்தையே படிக்க வேண்டும். அங்கும் எச்சரிக்கை தேவை. 13-ஆம் நூற்றாண்டுத் திருப்பணியின்போது பழைய கல்வெட்டுகள் சில மறுபடி வெட்டப்பட்டன. அப்படி வெட்டியதன் எழுத்தமைதி, படியெடுத்த காலத்தைத்தான் காட்டும். கொடை நடந்த காலத்தைக் காட்டாது. அப்போது அரசன் பெயர், கொடையாளியின் பட்டங்கள், நில அளவை, பொன் கணக்கு, அக்கம்பக்கத்துக் கோயில்களின் சாசனங்கள் ஆகியவற்றையே சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

குறிப்பு எடுக்கும்போதே நூலின் பெயர், ஆண்டு, பக்க எண்ணை எழுதி வைப்பது அவசியம். பிறகு தேடுவது வீண் அலைச்சல். எழுதத் தொடங்குமுன் அரைப் பக்கத்தில் ஒரு திட்டம் போதும்: கேள்வி, முன்னோர் சொன்னது, நம் சான்று, எதிர்ச்சான்று, முடிவு. எதிர்ச்சான்றை ஒளிப்பவர் ஆய்வாளர் அல்ல, வக்கீல். முன்னுரையையும் ஆய்வுச் சுருக்கத்தையும் கடைசியில் எழுதுவது நல்லது. கட்டுரை என்ன சொல்கிறது என்பது அப்போதுதான் எழுதியவருக்கே தெளிவாகும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. இங்கே தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் புழங்குகின்றன. தெலுங்கு நூலின் ஒரு பத்தியைத் தமிழாக்கிப் போட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் எளிதில் வரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை என்கின்றன. 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. மொழிபெயர்த்த திருட்டு, சதவீதம் பார்க்கும் மென்பொருளுக்குத் தப்பிவிடலாம். ஆனால் மொழி மாறியதால் பொருள் சொந்தமாகிவிடாது என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். அடிக்குறிப்பு என்பது அலங்காரம் அல்ல, கடன் சீட்டு.

முடிவு சான்றை மீறக் கூடாது. 'பத்தாம் நூற்றாண்டாக இருக்கலாம், காரணம் இவை' என்று முடியும் கட்டுரை, '966' என்று அடித்துச் சொல்லிக் காரணம் காட்டாத கட்டுரையைவிட மேலானது. அதைப் படித்துவிட்டு அடுத்தவர் மறுக்கலாம்; மறுப்பதற்கான சான்றும் அதிலேயே இருக்கும். எண்ணை மட்டும் படியெடுத்த கட்டுரையிலோ மறுக்கக்கூட எதுவும் இருக்காது.