கூடார மண்டபம் வாங்குமுன் எண்ணத்தக்கவை

கூடாரம் என்றதும் தமிழ் கற்றார்க்கு நினைவில் எழுவது பாசறை. நெடிய கோல்களை நட்டுத் திரைத்துணியை வளைத்து அரசனுக்கு இருக்கை அமைத்த செய்தியை முல்லைப்பாட்டிற் காண்கிறோம். போர் முடிந்ததும் பிரித்துச் சுருட்டப்படுவது அது. இன்று விலைக்கு வரும் கூடார மண்டபமோ பல்லாண்டு நிற்றற்பொருட்டே இரும்புத் தூண்களிலும் உருக்கு வடங்களிலும் இழுத்துக் கட்டப்படுவது. விழா நினைவாக அத்தகைய மண்டபமொன்றைக் கல்லூரிக்கு அளிக்கும் எண்ணம் பழைய மாணவரிடையே எழுதல் இயல்பே. அது விரைவில் எழும். நடுவே தூணில்லாப் பெரும்பரப்பைத் தரும். பகலில் விளக்கு வேண்டாத வெளிச்சமும் கிட்டும். ஆயினும் அதன்கீழ் அமரப்போகிறவர் சிறுவர். அதன்மேற் பெய்யப்போவது கண்டி மழை. இவ்விரண்டையும் மனத்திருத்தியே விலை பேசுதல் வேண்டும்.

இவ்வகைக் கட்டடங்களுள் உலகறிந்தது ஜித்தா விமான நிலையத்து ஹஜ் யாத்திரிகர் மண்டபம். 1981-இல் திறக்கப்பட்ட அதன் கூரை, 45 மீற்றர்ச் சதுரமான 210 கூடாரங்களாலாயது. அதன் அமைப்பிற் பெரும்பங்கு கொண்டவர் வங்காளத்திற் பிறந்த பொறியியலாளர் பஸ்லுர் ரகுமான் கான். துணிக்கூரைக் கட்டடம் நாற்பதாண்டு கடந்தும் பயன்படும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஜித்தா பாலைநிலத்து நகர். அங்குத் துணியின் தலையாய கடமை வெயிலை மறைப்பது. கண்டியிலோ ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீற்றர் மழை; இரு பருவக்காற்றுகளும் நம்மை விட்டுவைப்பதில்லை.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். அதன் நிறை ஒரு கிலோகிராம். 20 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் உடைய கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்யின் 12,000 லீற்றர், அதாவது 12 தொன் நீர் விழும். துணி தட்டையாகவோ தொய்ந்தோ இருப்பின் சிறு பள்ளத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் பள்ளத்தை ஆழமாக்கும். ஆழ்ந்த பள்ளம் மேலும் நீரைச் சேர்க்கும். ஈற்றில் துணி கிழியும், அன்றேல் தூண் சாயும். குதிரைச் சேணம் போலவும் கூம்பு போலவும் இக்கூரைகள் வளைந்திருப்பது அழகு நோக்கி மட்டுமன்று. மலிவென்று தட்டைக் கூரையை எவரேனும் காட்டுவராயின் அப்பேச்சை அவ்வளவில் நிறுத்திக்கொள்வது நன்று.

வழிந்த நீர் எங்கே போகும் என்பது அடுத்த வினா. ஓட்டுக்கூரை நீரை நீளவாக்கிற் பரப்பிவிடும். கூடாரமோ அதனைச் சில மூலைகளிற் குவித்துக் கொட்டும். மலைச்சரிவில் வெட்டிய நிலத்தில் அவ்வாறு கொட்டும் நீர் மண்ணை அரித்து, கீழேயுள்ளார் வீட்டின்மேல் இறக்கவும் கூடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மண்சரிவுகளைக் கண்ட கண்டி மாவட்டத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கூடாரந்தானே என்று கருதாது, மாநகர சபையின் அனுமதியையும், சரிவு நிலமாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் முற்பணம் கொடுக்குமுன்னரே பெறுதல் வேண்டும். வடிகாற் செலவைக் கூரைச் செலவோடு சேர்த்தே கணக்கிடுக.

கற்கட்டடத்தின் அத்திவாரம் பாரத்தைத் தாங்குவது; கூடாரத்தின் அத்திவாரம் இழுவையையும் தாங்குவது. காற்று அடியிற் புகுந்தால் கூரை பட்டம் போல் மேலெழ முயலும். ஆகவே எவ்வளவு வேகமான காற்றுக்குக் கணித்தனர், மண்ணைச் சோதித்தனரா என்பவற்றைப் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கையொப்பத்துடன் கேட்டல் முறை. வாய்மொழி உறுதி இதற்குப் போதாது.

துணியைப் பற்றிச் சிறிது. பரவலாக விற்கப்படுவது பீ.வீ.சீ. பூசிய பொலியெஸ்டர். விலை குறைவு, கிழிந்தால் ஒட்டலாம், ஆயுள் பத்து முதல் இருபது ஆண்டு. டெப்லோன் பூசிய கண்ணாடி நார்த்துணியின் ஆயுள் இருபத்தைந்துக்கு மேல், விலையும் மிகுதி, மடித்தால் நார் முறியும். 1973-இல் கலிபோர்னியாவின் லா வேர்ன் பல்கலைக்கழகத்தார் தம் மாணவர் நிலையத்துக்கு இவ்வகையையே தெரிந்தனர். நிழல் வலையைக் கூரைத்துணி என எண்ணிவிடலாகாது. அது மழையை ஒழுகவிடும். நம்மூர் ஈரத்தில் வெண்துணி பாசியும் பூஞ்சணமும் பற்றிக் கறுக்கும். மேற்பூச்சு எது, ஆண்டுதோறும் கழுவுவார் யார் என்பனவும் ஒப்பந்தத்தில் வரவேண்டும்.

ஆகவே கூடாரம் ஒருமுறை வாங்கி முடிவதன்று. தூண்கள் நிற்க, துணி முதுமை அடையும். துணியின் விலையை அதன் ஆயுளாற் பிரித்து அப்பங்கை ஆண்டுதோறும் வைப்பிலிட ஒரு நிதி இல்லையேல், இன்று கொடுத்த நன்கொடை நாளைய அதிபரின் தலைச்சுமையாகும். எமது கருத்தில், அந்நிதியைத் தொடங்க இயலாத சங்கம் சிறியதோர் ஓட்டுக் கட்டடத்தோடு அமைதல் மேல்.

தீயையும் நினைத்தல் வேண்டும். 2004 யூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக்கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். நற்றுணி எளிதிற் பற்றாதாயினும் தீச்சோதனைச் சான்றிதழைக் கண்ணாற் காணாது வாங்கலாகாது. சமையலையும் அதனடியில் நடத்தலாகாது. மழையொலி பாடத்தை விழுங்கும் என்பதால், மண்டபம் கூட்டத்துக்கும் விளையாட்டுக்குமே பொருந்தும், வகுப்புக்கன்று.

மரக்கிளைகளையும் குரங்குகளையும் சேய்மை விற்பனையாளர் அறியார். கிளைகள் விழாத் தொலைவில் தூண்களை நடுவித்து, அதே சுருளிலிருந்து சில மீற்றர்த் துணியை ஒட்டுப் போடுதற்கென வாங்கி, வரைபடங்களோடு கல்லூரிக் களஞ்சியத்தில் வைப்பித்துக்கொள்க.