பழைய பக்கவாதம், புதிய பில்: மெடிக்கல் கோடிங்கில் மென்பொருள் தடுமாறும் இடம்

அக்டோபர் 1 நெருங்குகிறது. ஆண்டுதோறும் அன்றைய தினம் அமெரிக்காவின் ஐ.சி.டி-10-சி.எம். நோய்க் குறியீட்டுத் தொகுப்பு திருத்தம் பெற்று அமலுக்கு வருவதும், அதையொட்டிச் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உள்ள கோடிங் நிறுவனங்களில் பரபரப்பு மூள்வதும் வழக்கந்தான் என்றாலும், இம்முறை நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதிய குறியீடுகளைப் பற்றியே பேசவில்லை. 'இனி எல்லாவற்றையும் மென்பொருளே செய்துவிடுமாமே, விலங்கியல் படித்துவிட்டுக் கோடிங் பயிலும் என் மகளின் கதி என்ன?' என்ற விசாரமே அவற்றில் மேலோங்கி நிற்கிறது. மெடிக்கல் கோடிங் என்றால் என்ன என்று ஆதியிலிருந்து தொடங்க உத்தேசமில்லை. தெருவுக்கு ஒரு கோடர் வசிக்கும் ஊரில் அது அனாவசியம்.

மென்பொருள் செய்வது என்ன?

விற்பவர்களின் பாஷையில் அது கோடரின் 'துணைவன்'. பிரசார வார்த்தைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோயின் பெயராகத் தோன்றும் சொற்களுக்கு மஞ்சள் பூசி, பக்கத்தில் குறியீடுகளை வரிசையாக நிறுத்தி, 'சரிதானா?' என்று கேட்கும் ஒரு கருவி. கையால் வேலை செய்யும் கோடர் வெற்றுப் பக்கத்தில் தொடங்கி, சான்று அகப்பட்ட பிறகே குறியீட்டை எழுதுகிறார். மென்பொருளோடு வேலை செய்பவரோ, எழுதப்பட்டுவிட்ட குறியீட்டில் தொடங்கி, அதற்கு விரோதமான சான்று எங்கேனும் உண்டா என்று துழாவ வேண்டியவராகிறார். ஏற்பதற்கு ஒரு சொடுக்கு போதும். ஆட்சேபிப்பதற்கு நோயாளியின் சார்ட் முழுவதையும் படித்தாக வேண்டும். தினசரி டார்கெட் தலைக்குமேல் தொங்கும்போது மனிதர் எதைச் செய்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

தடுமாறும் இடம் எது?

சார்ட்டில் இப்படி ஒரு வரி வருகிறது என்று கொள்வோம்: 'ஹிஸ்டரி ஆஃப் டயாபடீஸ், ஸ்ட்ரோக், பிரெஸ்ட் கேன்சர்.' டாக்டரின் பேனாவில் 'ஹிஸ்டரி' என்ற சொல், இந்த நோயாளியின் கதையில் இவையெல்லாம் உண்டு என்ற அளவோடு நிற்கிறது. கோடிங் விதியிலோ அதே சொல்லுக்கு, முடிந்துபோயிற்று, இப்போது இல்லை என்று அர்த்தம். சர்க்கரை நோய் முடிந்துபோகிற வியாதியன்று. ஆகையால் 'ஹிஸ்டரி' என்று எழுதியிருந்தாலும் அது நடப்பு நோயாக, வேறு வகை குறிக்கப்படாவிட்டால், இ11 வரிசைக்குப் போகும். ஸ்ட்ரோக் ஒருநாள் நிகழ்ந்து ஓய்ந்த சம்பவம். பின்விளைவு எதுவும் மிஞ்சாவிட்டால் இஸட்86.73 என்ற கடந்தகாலக் குறியீடும், கைகால் பலவீனம் முதலியன மிஞ்சினால் ஐ69 வரிசையும் பொருந்தும். புற்றுநோய்க்கோ, சிகிச்சை முடிந்ததா, இன்னும் நடக்கிறதா என்று சார்ட்டின் வேறு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாலன்றி எதையும் நிர்ணயிக்க இயலாது. வரி ஒன்று, சொல் ஒன்று, தீர்ப்பு மூன்று.

நோய் 'இல்லை' என்று டாக்டர் எழுதுவதை இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டது. 2001-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட நெக்எக்ஸ் என்ற எளிய முறை, மறுப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றை ஒட்டிச் சில சொற்களுக்குள் வரும் நோயை விலக்கிவிடும். 'இருந்தது' என்பதுதான் சங்கடம். அதற்கு விடை, சொல்லுக்குள் இராமல் நோயின் சுபாவத்தில் இருக்கிறது.

இதில் பணம் எங்கே வருகிறதென்றால், அமெரிக்காவின் மெடிகேர் அட்வான்டேஜ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு தரும் தொகை, முந்தைய ஆண்டில் நோயாளிக்குப் பதிவான நோய்களைப் பொறுத்து ஏறுகிறது. நடப்பு ஸ்ட்ரோக்குக்கான ஐ63.9 அதை ஏற்றும், இஸட்86.73 ஏற்றாது. ஐந்தாண்டுக்கு முன் வந்துபோன பக்கவாதத்தை இன்று வந்ததாகக் காட்டும் பிழை, ஆகவே, லாபம் தரும் பிழை. அதைப் பற்றிப் புகார் எழுதுகிறவர் யார்? அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இதைப் பிடிக்கும் விதம் ரசிக்கத்தக்கது: கிளினிக் டாக்டரின் பில்லில் ஸ்ட்ரோக் இருந்து, மருத்துவமனை பில் எதிலும் அது இல்லாவிடில், பக்கவாதம் கண்டவர் ஆஸ்பத்திரியில் படுக்காமல் எங்கே இருந்தார் என்று கேட்கிறார்கள். அதே அலுவலகத்தின் 2019 அறிக்கை, காப்பீட்டு நிறுவனங்கள் சார்ட்டுகளை மறுபடி புரட்டி நடத்திய ஆய்வுகளில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டவை நோய்களைச் சேர்த்தனவே என்று சொல்கிறது. கையால் புரட்டினாலும் இயந்திரத்தால் புரட்டினாலும் தராசு ஒரே பக்கம் சாயுமானால், கோளாறு கருவியில் மட்டும் இருக்கிறதென்று நம்புவது கடினம்.

95 சதவீதத் துல்லியம் என்பது?

இத்தொழிலில் வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. குறியீடுகளை எண்ணிப் பார்த்தால், 20-இல் 19 சரி. தவறிய அந்த ஒன்று ஜலதோஷமா, பக்கவாதமா என்பதை அந்த எண் சொல்லாது.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக

செப்டம்பர் 28-இல் சேர்ந்து அக்டோபர் 3-இல் வீடு திரும்பியவருக்கு எந்தத் தொகுப்பு? புதியது; உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதியே பிரமாணம்.

'நிமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால்? வெளிநோயாளிக்கு நிமோனியா என்று குறிக்கக்கூடாது. உள்நோயாளிக்கு, டிஸ்சார்ஜ் வரை அந்த ஐயம் நீடித்தால், குறிக்கலாம்.

ஐ.சி.டி-11 வந்துவிட்டதா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022 ஜனவரி 1 முதல். அமெரிக்க பில்களில் இன்னும் இல்லை.

கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வு? 100 கேள்விகள், 4 மணி நேரம், கோடிங் புத்தகங்களைப் பார்த்து எழுதலாம்.

பிழைக்கு யார் பொறுப்பு? கிளெய்மைச் சமர்ப்பித்தவர்; தெரியாததுபோல் கண்ணை மூடிக்கொள்வதையும் அமெரிக்கச் சட்டம் தெரிந்து செய்ததாகவே கொள்கிறது.

மகளுக்கு வேலை கிடைக்குமா? மஞ்சள் பூசிய சொல்லை மட்டும் பார்க்கப் பழகினால் சந்தேகம். முழு வரியையும் படிக்கப் பழகினால் கிடைக்கும்.

மென்பொருள் காட்டியதை மறுக்கலாமா? எந்த வரியை வைத்து என்று சொல்ல முடிந்தால் தாராளமாக மறுக்கலாம். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் ஏற்கவும் கூடாது.