மூடிய வேனுக்குள் ரசாயன நெடி: போக்குவது எப்படி?



ஒரு காலத்தில் நம் சரக்கு மாட்டு வண்டியிலும் திறந்த லாரியிலும் வந்து இறங்கியது. தார்ப்பாய் போட்டுக் கட்டினாலும் காற்று வந்து போக வழி இருந்தது. இன்று மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் மூடிய கூண்டு வைத்த சிறிய வேன்களுக்கு மாறியிருக்கிறோம். மழை, தூசி, திருட்டு பயம் குறைந்தது உண்மை. ஆனால், உள்ளே ஒரு பாட்டில் பினாயில் உடைந்தால் அந்த நெடி மாதக்கணக்கில் வெளியேறுவதில்லை என்பதும் உண்மை.

அரிசி, டீத்தூள், நெய், மாவு ஆகியவை பக்கத்தில் உள்ள வாடையை எளிதில் இழுத்துக்கொள்ளும். "டீயில் சோப்பு வாடை அடிக்கிறது" என்று ஒரு பொட்டலம் திரும்பி வந்தால் நஷ்டம் அந்தப் பொட்டலத்தோடு நிற்காது. அந்தத் தெருவே அடுத்த கடைக்குப் போய்விடும். சில நெடிகள் இதைவிடப் பெரிய கேட்டின் அறிகுறி. ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நெடி என்பது என்ன?

ஒரு பொருளின் நுண்ணிய துகள்கள் ஆவியாகிக் காற்றில் கலந்து நம் மூக்கை எட்டுவதே வாடை. நெடி இருக்கிறது என்றால் அதைத் தரும் பொருள் உள்ளே எங்கோ இன்னும் இருக்கிறது என்று பொருள். ஊதுபத்தி கொளுத்துவதாலும், வாசனைத் திரவம் தெளிப்பதாலும் அது போய்விடாது. ஒன்றுக்கு இரண்டாக வாடை சேரும், அவ்வளவுதான். மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றுவது முதல் வேலை. மிச்சத்தைக் காற்றில் விடுவது இரண்டாவது வேலை. இந்த வரிசையை மாற்றினால் செலவுதான் மிஞ்சும்.

இன்னொன்று. தினமும் வண்டியில் இருப்பவரின் மூக்கு பழகிவிடும். டிரைவரைக் கேட்டால் "ஒன்றும் இல்லையே அண்ணாச்சி" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. இரவு முழுவதும் கதவைச் சாத்தி வைத்து, காலையில் அந்த வண்டியில் ஏறாத ஒருவரைக் கதவருகே நிறுத்திக் கேட்க வேண்டும். பூச்சி மருந்து என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் யாரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லக்கூடாது.

மூலத்தைக் கண்டுபிடித்தல்

வண்டியைக் காலி செய்து மிதியடி, சாக்கு, கயிறு, தார்ப்பாய், அடியில் போட்ட பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் தனித்தனியாகப் போடுங்கள். பல சமயம் நெடி வண்டியில் இருப்பதில்லை. பழைய சாக்கிலோ மிதியடியிலோ இருக்கும். பிறகு தகடுகள் சேரும் இணைப்புகள், ஆணித் துளைகள், பலகையின் அடிப்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிந்தியது ஓடிப்போய்த் தங்கும் இடங்கள் இவை.

நெடிக்கேற்ற வைத்தியம்

1. பினாயில், மண்ணெண்ணெய், டீசல்: சிந்தியவுடன் தண்ணீர் ஊற்றினால் மூலைமுடுக்கெல்லாம் பரவும். முதலில் மரத்தூளையோ உலர்ந்த மணலையோ கொட்டி ஊறவிட்டு அள்ளிவிட வேண்டும். பிறகு சோப்புத் தூள் கரைத்த வெந்நீரால் தேய்த்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். மரப்பலகை உறிஞ்சியிருந்தால் கழுவிப் பயனில்லை. பலகையை மாற்றுவதே லாபம்.

2. அந்துருண்டை, ஊதுபத்தி, சோப்பு: இவை சிந்தாமலே வாடை பரப்பும். அந்துருண்டை கரையாமல் நேராக ஆவியாகும் பொருள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தபின் வெயிலும் காற்றும் போதும்.

3. புதுப் பலகை, பசை, பெயிண்ட்: கூண்டின் உட்புறம் பிளைவுட் அடித்துத் தட்டு அமைக்கிறோம். அந்தப் பலகைகளை ஒட்டும் பசைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் உண்டு. கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் அதன் அடையாளம். சூடும் ஈரமும் கூடினால் அது அதிகமாக வெளிப்படும்.

இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு சக்கரம் வைத்த வீடுகளைக் கொடுத்தது. உள்ளே குடியிருந்தவர்கள் கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது என்று புகார் செய்தார்கள். 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 519 வண்டி வீடுகளைச் சோதித்தது. காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருந்தது. இது சாதாரண வீடுகளில் இருப்பதைவிட அதிகம். அழுத்திச் செய்த மலிவுப் பலகையும், காற்று புகாத சிறிய கூண்டும், வெயில் சூடும் சேர்ந்ததன் விளைவு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பலகை அடித்த நம் வேனும் அப்படிப்பட்ட ஒரு கூண்டுதான். அதில் மதிய வேளையில் படுத்து உறங்கும் பையன்களை நினைத்துப் பாருங்கள்.

பலகை வாங்கும்போதே ஈ-0 அல்லது ஈ-1 ரகம் கேளுங்கள்; இவற்றில் இந்த ரசாயனம் குறைவு. அடித்தபின், அறுத்த ஓரங்களை வார்னிஷால் நன்றாக மூடச் செய்யுங்கள். அதிகம் வெளிவருவது அந்த ஓரங்களிலிருந்துதான். வார்னிஷ் காய்ந்து அதன் வாடையும் அடங்கும்வரை சரக்கு ஏற்றக்கூடாது.

4. கேஸ், பேட்டரி: இந்த நெடியைப் போக்க முயலக் கூடாது. சமையல் கேஸிலும் சி.என்.ஜி.யிலும் கசிவு தெரியட்டும் என்றே நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் வண்டியை நிறுத்தி, எந்த சுவிட்சையும் தொடாமல் இறங்கி, கதவுகளைத் திறந்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாவதாலும் வரலாம்.

வெயிலும் காற்றும்

மூலத்தை அகற்றியபின் மிச்ச வாடைக்குச் சிறந்த மருந்து நம் ஊர் வெயில். வண்டியை உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் கதவைச் சாத்தி நிறுத்துங்கள்; உள்ளே ஆள் இருக்கக்கூடாது. சூட்டில் ரசாயனம் வெளியே வரும். பின்பு எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்து, ஒரு மின்விசிறியை வெளிப்புறமாகத் திருப்பி வைத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இதை ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் வேறுபாடு தெரியும். சாத்தி வைத்துத் திறக்காமல் விட்டால் வெளிவந்த நெடி மறுபடியும் பலகையிலேயே படியும்.

இரவில் ஆப்ப சோடாவை அகலத் தட்டில் பரப்பி வைக்கலாம். புளித்த வாடைக்கு அது உதவும். எண்ணெய், பெயிண்ட் வாடைக்குக் கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய கரி நல்லது. அடுப்புக் கரிக்கு அந்த அளவு இழுக்கும் சக்தி கிடையாது. ஃபார்மால்டிஹைடைப் பொறுத்தவரை சாதாரணமாக விற்கும் கரி அதிகம் பிடிக்காது. அதற்குக் காற்றோட்டமே வழி.

செய்யக்கூடாதவை

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் சேர்த்துக் கழுவவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய கூண்டுக்குள் அது உயிரைக் குடிக்கும். இரண்டும் நம் கடையில் விற்கும் சரக்குகள் என்பதால் பையன்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை. ஓசோன் இயந்திரம் வைத்து வாடை போக்குவதாகவும் சிலர் சொல்கிறார்கள். ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும், ரப்பரையும் கெடுக்கும். மூலம் உள்ளே இருந்தால் வாடை திரும்பி வரும்.

போய்விட்டதா என்று அறிய

எளிய சோதனை ஒன்று. ஒரே பாக்கெட்டு டீத்தூளில் ஒரு பங்கைத் திறந்த தட்டில் இரவு முழுவதும் சாத்திய வேனுக்குள் வையுங்கள். இன்னொரு பங்கு வீட்டில் மூடிய டப்பாவில் இருக்கட்டும். காலையில் இரண்டையும் தனித்தனியே வெந்நீரில் போட்டு மணத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் வண்டி இன்னும் தயாராகவில்லை. பூச்சி மருந்து சிந்திய வண்டிக்கு இந்தச் சோதனை ஆகாது.

பூச்சி மருந்து: தனிக் கணக்கு

1958-இல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கசிந்து கலந்ததே காரணம். அதன் பிறகே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. உணவுப் பொருளோடு பூச்சி மருந்து படும்படி ஏற்றவோ இருப்பு வைக்கவோ கூடாது என்கின்றன 1971-ஆம் ஆண்டு விதிகள். அப்படியும் 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தன. உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமைத்தவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன.

ஆகவே வேனில் பூச்சி மருந்து சிந்தினால் பலகையும் சாக்கும் கழித்துக் கட்ட வேண்டியவைதான். கையுறை போட்டு அகற்றி, தகட்டைச் சலவைச் சோடா கலந்த சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. அதில் இருந்த உணவுச் சரக்கை உணவுப் பாதுகாப்பு அதிகாரி பார்த்துச் சொல்லும்வரை விற்கக்கூடாது. மாட்டுத் தீவனமாகவும் தள்ளிவிடக்கூடாது.

மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் இதே வகைதான். அதன் வாயு பூண்டு வாடையோ மீன் வாடையோ அடிக்கும். வாடை தெரியாமலும் கொல்லும். மாத்திரை வைத்த மூட்டைகளை நன்றாகக் காற்றாட விடாமல் மூடிய வண்டியில் ஏற்றக்கூடாது. அந்த வண்டியில் யாரும் படுக்கவும் கூடாது.

வருமுன் காப்பது

எங்கள் மண்டியில் உணவுச் சரக்குக்கு ஒரு நடை, சோப்பு பினாயில் வகைக்கு வேறு நடை என்று வைத்திருக்கிறோம். ஒரே நடையில் போக வேண்டுமென்றால் பினாயிலும் ஆசிட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், கதவோரம், கீழ்த்தட்டில் வைக்கப்படும். பூச்சி மருந்துக்கு வண்டியில் இடமே கிடையாது. வாடகை எவ்வளவு கொடுத்தாலும் சரி. வாரம் ஒருநாள் வண்டியைக் காலி செய்து கதவைத் திறந்து போடுகிறோம். டீசல் செலவு கொஞ்சம் கூடும். திரும்பி வரும் மூட்டையின் விலையைக் கணக்கிட்டால் அது பெரிய தொகை அல்ல.

எடைக்கும் விலைக்கும் நம்மை நம்பும் வாடிக்கையாளர், சரக்கு வந்த வண்டியைப் பார்ப்பதில்லை. அதை அவருக்காக நாம்தான் பார்க்க வேண்டும்.