அந்தமானில் மின்சார கார் லாபமா? ஒரே மாடலின் பெட்ரோல், மின்சார வடிவங்கள் சொல்லும் கணக்கு

ஸ்ரீ விஜயபுரம்: ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒன்று பெட்ரோலில் ஓடுகிறது, மற்றொன்று பேட்டரியில் ஓடுகிறது. டாடா நெக்ஸான், பஞ்ச், டியாகோ, ஹூண்டாய் கிரெட்டா ஆகிய கார்கள் இன்று இவ்வாறு இரு வடிவங்களில் விற்கப்படுகின்றன. வாங்குவோரில் பெரும்பாலானோர் எதைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாட்டிலேயே மின்சார காருக்கு மிகவும் பொருத்தமான நிலப்பரப்பு என்று சொல்லத்தக்க அந்தமான் நிகோபார் தீவுகளில் இந்தக் கணக்கு வேறு விதமாகத் திரும்புகிறது.

முதலில் தேசிய நிலவரம். வாகன விற்பனையாளர்கள் கூட்டமைப்பின் தரவுகளின்படி, 2024-25 நிதியாண்டில் நாட்டில் சுமார் 41.5 லட்சம் கார்கள் விற்பனையாயின. அவற்றில் மின்சார கார்கள் சுமார் 1.07 லட்சம், அதாவது 2.6 சதவீதம். ஒரே மாடலின் இரு வடிவங்களை ஒப்பிடுவது இவ்வளவு எளிதன்று. மாதாந்திர விற்பனைப் பட்டியல்களில் நெக்ஸான் என்பது பொதுவாக ஒரே வரியாகவே இடம்பெறும். பெட்ரோல், டீசல், மின்சாரம் அனைத்தும் அதற்குள் அடக்கம்.

எனினும் ஒப்பீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. நெக்ஸான் கார் 2017 செப்டம்பரில் அறிமுகமாகி, 2023 ஏப்ரலில் 5 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. 2020 ஜனவரியில் வந்த அதன் மின்சார வடிவம் 2023 ஜூனில் 50 ஆயிரத்தை எட்டியது. மற்றொன்று, டாடா நிறுவனத்தின் மொத்த விற்பனை. அதன் மின்சார கார்கள் ஏறக்குறைய அனைத்துக்கும் பெட்ரோல் வடிவம் இருப்பதால், அந்த விகிதம் ஒரே மாடல் ஒப்பீட்டுக்கு மிக நெருக்கமானது. 2023-24 நிதியாண்டில் அந்நிறுவனம் உள்நாட்டில் விற்ற சுமார் 5.73 லட்சம் கார்களில் 73,800 மின்சார கார்கள். அடுத்த ஆண்டில் 5.56 லட்சத்தில் சுமார் 64 ஆயிரம். இரண்டு ஆண்டுகளிலும் எட்டு அல்லது ஒன்பது பேரில் ஒருவரே மின்சார காரைத் தேர்ந்தெடுத்துள்ளனர்.

நாட்டின் மொத்த மின்சார கார் விற்பனை உயர்ந்த அதே ஆண்டில் டாடாவின் எண்ணிக்கை குறைந்தது கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டில் வரவேற்பு பெற்ற எம்ஜி விண்ட்சர், பெட்ரோல் வடிவமே இல்லாத கார். அருகிலேயே விலை குறைந்த பெட்ரோல் கார் நிற்கும்போது மின்சார காரை விற்பது கடினம் என்பதையே இது காட்டுகிறது.

விலை வித்தியாசம்தான் முதன்மைக் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் செஸ் உட்பட 29 சதவீதமாக இருந்தது. மின்சார கார்களுக்கு அதே 5 சதவீதம் நீடிக்கிறது. இதனால் நெக்ஸான் பெட்ரோல் காரின் தொடக்க ஷோரூம் விலை ரூ.7.32 லட்சமாக இறங்கியது; மின்சார வடிவத்தின் தொடக்க விலையோ ரூ.12.49 லட்சம். வசதிகளில் சமமான வடிவங்களை எடுத்துக்கொண்டால் இடைவெளி சுருங்கும். அதை ரூ.4 லட்சம் என்று கொள்ளலாம்.

தீவில் மாறும் கணக்கு

கூடுதலாகக் கொடுக்கும் இந்த ரூ.4 லட்சத்தை எரிபொருள் சேமிப்பின் மூலம் மீட்க வேண்டும். இங்குதான் அந்தமான் வேறுபடுகிறது. நாட்டில் பெட்ரோல் மிகவும் மலிவாகக் கிடைக்கும் இடம் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர். வாட் வரி மிகக் குறைவு என்பதால், சென்னையில் லிட்டர் சுமார் ரூ.101-க்கு விற்ற காலத்தில் அங்கு சுமார் ரூ.82-க்கு விற்றது.

அந்த விலையில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொண்டால், 100 கி.மீ.க்குச் சென்னையில் சுமார் ரூ.720, தீவில் சுமார் ரூ.585 செலவாகும். மின்சார காருக்கு, சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பு உட்பட, 16 யூனிட் தேவை. யூனிட் ரூ.8 என்றால் ரூ.128. ஆண்டுக்கு 10 ஆயிரம் கி.மீ. ஓட்டுபவர் சென்னையில் ஏழு ஆண்டுகளில் கூடுதல் விலையை மீட்டுவிடுவார். தீவில் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் ஆகும். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் அளிக்கும் உத்தரவாதம் 8 ஆண்டுகள்.

ஆனால் தீவில் ஆண்டுக்கு 10 ஆயிரம் கி.மீ. ஓட்ட எத்தனை பேருக்குத் தேவை இருக்கும்? ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சிடியா டாப்பு, வண்டூர் ஆகிய கடற்கரைகள் சுமார் 25 கி.மீ. தொலைவில்தான் உள்ளன. பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லாத தூரம் இது. அதே குறுகிய தூரம் சேமிப்பையும் குறைத்துவிடுகிறது. ஆண்டுக்கு 6 ஆயிரம் கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு முதலீடு திரும்ப 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். காருக்கு ஏற்ற ஊர், கணக்குக்கு ஏற்ற ஊராக இல்லை. ரங்கத், டிக்லிபூர் என வடக்கே நெடுந்தூரம் செல்வோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினர் காப்பகப் பகுதியில் வாகனங்கள் அணிவகுப்பாகவே செல்ல வேண்டும். இடையில் நிறுத்த அனுமதியில்லை.

டீசலில் பிறக்கும் மின்சாரம்

தீவுகள் நாட்டின் மின்தொகுப்புடன் இணைக்கப்படவில்லை. பெரும்பகுதி மின்சாரம், கப்பலில் வரும் டீசலைக் கொண்டு ஜெனரேட்டர்களில் உற்பத்தி செய்யப்படுகிறது. அப்படியானால் மின்சார கார் ஓட்டுவது டீசல் கார் ஓட்டுவதற்குச் சமம்தானே என்ற கேள்வி எழலாம். சமமன்று. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 யூனிட் கிடைக்கும். மின்கம்பி இழப்பையும் சேர்த்தால் 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 5 லிட்டர் டீசல் செலவாகிறது. பெட்ரோல் காருக்கோ 7 லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் வேண்டும். கரியமில வாயு வெளியேற்றம் முறையே 13.4 கிலோ, 16.4 கிலோ. குறைவுதான், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குக் குறைவில்லை.

லிட்டர் ரூ.78 என்றாலும் யூனிட்டுக்கு டீசல் செலவு மட்டுமே ரூ.21-ஐத் தாண்டுகிறது. நுகர்வோர் செலுத்தும் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. மீதியை அரசு ஏற்கிறது. ஆகவே தீவில் மின்சார கார் உரிமையாளரின் சேமிப்பில் ஒரு பகுதி அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது.

விதிவிலக்கும் உண்டு. தெற்கு அந்தமானில் என்எல்சி இந்தியா நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட் மணி பேட்டரி சேமிப்புடன் அமைத்துள்ளது. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையம் இயங்குகிறது. அலுவலக வளாகத்தில் நண்பகலில் சார்ஜ் ஏறும் கார், சூரிய மின்சாரத்தில் பங்கு பெற வாய்ப்புண்டு. வீட்டில் இரவில் சார்ஜ் ஏறும் காருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டீசல் மின்சாரமே.