வண்டியில் தேயும் வால்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரைகள் இன்று லாரியிலும் டெம்போவிலும்தான் வந்து இறங்குகின்றன. வாங்க வருபவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்து வயது கணிப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். வாலின் அடிப்பகுதியில் மயிர் முறிந்து துடைப்பக்கட்டைபோலச் சிலிர்த்து நின்றால், பயணத்தில் அப்படித்தான் ஆகும் என்று இரு தரப்பும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படித்தான் ஆகும் என்பது உண்மையன்று. வழியில் தேய்ந்த வால், அந்தக் குதிரை எப்படி ஏற்றப்பட்டது, வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதற்கான சாட்சி. வாலில் துணி சுற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் அதே தவறின் இன்னொரு வடிவம்தான். முதலில் திருத்த வேண்டியது வண்டியை. துணிச்சுற்று அதன் பிறகு வரும் காவல். கவனக்குறைவாகச் சுற்றினால் அதுவே தேய்ப்பைவிடப் பெரிய கேட்டைச் செய்யும்.

மயிர்தானே, போனால் முளைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. முளைக்கும், ஆனால் வால் மயிர் மாதத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அடியில் முறிந்த மயிர் பழைய நீளத்தை எட்டச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதைவிட முக்கியம், வாலின் மேற்பகுதி வெறும் மயிர்க்கற்றை அன்று. முதுகெலும்பின் தொடர்ச்சியாகச் சுமார் 18 சிறு எலும்புகள் அங்கே கோத்துக் கிடக்கின்றன; அவற்றைச் சுற்றித் தசை, நரம்பு, இரத்தக் குழாய், மேலே மெல்லிய தோல். தேய்ப்பு மயிரோடு நிற்பதில்லை. தோல் உரிந்து புண்ணானால் ஈ மொய்க்கும். நம் வெப்பத்தில் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. குதிரைக்குக் கை இல்லை. பின்னுடலில் உட்காரும் ஈயை விரட்ட அதற்கு இருக்கும் முக்கியக் கருவி அந்த வால்தான். மாட்டு ஈ எனப்படும் பெரிய கடி ஈக்கள் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைக் குதிரைகளுக்குப் பரப்பும் நாடு இது. இங்கே வாலின் வீச்சைக் குறைப்பது அழகுக் குறை மட்டும் என்று சொல்ல முடியாது.

வால் ஏன் தேய்கிறது? ஓடும் வண்டியில் குதிரை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் நான்கு கால்களையும் மாற்றி ஊன்றிச் சமநிலையைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கால் வழுக்கினாலோ, காலை அகட்டி ஊன்ற இடமில்லாவிட்டாலோ, அது பிட்டத்தைப் பின்கட்டையிலோ பக்கப் பலகையிலோ சாய்த்து முட்டுக்கொடுக்கும். பின்கட்டைக்கும் உடம்புக்கும் நடுவே சிக்குவது வாலின் அடி. வண்டி குலுங்கக் குலுங்க, அந்த ஒரே இடம் மணிக்கணக்கில் மரத்தில் அரைபடுகிறது. இடப்பக்கம் தலை வைத்து நிற்கும் குதிரை, வண்டி வேகமாக இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கப் பலகையில் பின்னுடலோடு மோதும். எனவே வால் தேய்வதற்கு மூல காரணங்கள் வழுக்கும் தளம், மெத்தையில்லாத கட்டை, நெருக்கடி, முரட்டு ஓட்டம் ஆகியவையே. இவற்றை அப்படியே விட்டுவிட்டு வாலுக்கு மட்டும் உறை மாட்டினால், முட்டுக்கொடுக்கும் அவஸ்தை தொடரும். அதன் தடயம் மட்டும் மறையும்.

இது கருணை சார்ந்த வேண்டுகோள் மட்டுமல்ல, சட்டமும் இதையே சொல்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்த 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தேவையற்ற வலியோ துன்பமோ ஏற்படும் விதத்தில் ஒரு விலங்கை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்குகிறது. அதன்கீழ் வந்த 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஏற்றி இறக்கச் சாய்தளம் வேண்டும். சாலையில் கொண்டுபோகும் வண்டியின் பக்கங்களில் மெத்தை வேண்டும். சாதாரணச் சரக்கு வண்டியானால் தளம் வழுக்காமல் இருக்க விரிப்பு வேண்டும். ஒவ்வொரு விலங்குக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில், பின்னால் இரண்டு வலுவான கட்டைகள், எதிரே வரும் வாகனங்களைக் கண்டு மிரளாதபடி இடப்பக்கம் பார்த்த தலை, ஒரு வண்டிக்கு நான்கு முதல் ஆறு விலங்குகள், உடன் ஓர் ஆள், மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று விதி விரிகிறது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடமும் நிரந்தரத் தடுப்பும் கேட்கிறது. இவற்றில் வாலைக் காப்பது பற்றித் தனியாக எதுவும் இல்லைதான். ஆனால் மெத்தை, தளம், இடம், வேகம் என்ற நான்கும் சரியாக இருந்தால் வால் தேயும் காரணங்களில் பெரும்பகுதி போய்விடுகிறது.

இதெல்லாம் பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களுக்குத்தான், ஒற்றைக் குதிரையை வைத்துப் பிழைப்பவனுக்கு எங்கே கட்டுப்படியாகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் செலவு அதிகம் பிடிக்கும் பகுதி எதுவும் இதில் இல்லை. பின்கட்டையில் கோணிக்குள் வைக்கோலை அடைத்துச் சுற்றிக் கட்டலாம். பழைய மெத்தையை வெட்டிப் பலகையில் அறையலாம். தளத்தில் ரப்பர் பாய், அதன்மேல் வைக்கோல். வேகத்தைப் பற்றி ஓட்டுநர்கள் சொல்லும் மறுப்பும் உண்டு: நான்குவழிச் சாலையில் 35 கிலோமீட்டரில் போனால் பின்னால் வரும் வண்டி இடிக்கும் என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. போக்குவரத்து குறைந்த நேரத்தைத் தேர்ந்து, இடப்பக்க வழியிலேயே, எச்சரிக்கை விளக்கோடு போவதுதான் அதற்கு விடை. குதிரையை வதைப்பது பெரும்பாலும் திடீர் பிரேக்கும் திடீர் வளைப்பும்தான். சட்டத்தின் வேகவரம்பு அவற்றுக்கே கடிவாளம் போடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நீண்ட பயணத்தில் வாலுக்குத் தனிக்காவல் நல்லதுதான். இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாலைச் சுற்றும் கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். மயிர் கொட்டும், மீண்டும் வெள்ளையாக முளைக்கும், தோல் செத்து உரியும், மோசமான நிலையில் வாலின் நுனிப்பகுதியே அழுகி விழும். நழுவிவிடுமே என்ற பயத்தில் இழுத்துக் கட்டுவதும், ஈரத்துணியைச் சுற்றுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். ஈரத்துணி காயும்போது சுருங்கி நெரிக்கும். ரப்பர் பட்டையையோ, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் இழுபடும் பேண்டேஜையோ நீண்ட பயணத்துக்குப் பயன்படுத்துவது கூடாது. காய்ந்த, சுத்தமான பருத்தித் துணிப்பட்டையை வாலின் அடியில் இயன்ற அளவு மேலே தொடங்கி, எலும்பு முடியும் இடம் வரை ஒரே இறுக்கத்தில் சுற்றி வர வேண்டும். கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். முடிச்சு துணிச்சுற்றைவிட இறுக்கமாக இருக்கக் கூடாது. அது பின்கட்டையில் அழுந்தாதபடி பக்கவாட்டில் வர வேண்டும். இதைவிட மேலானது வெல்க்ரோ ஒட்டுப்பட்டியுள்ள அகலமான வால் உறை. அதன் மேல்பட்டையை வயிற்றுப் பட்டையோடு இணைத்துவிட்டால் இறுக்கம் இல்லாமலே நழுவாமல் நிற்கும். எதைப் போட்டாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொட்டுப் பார்த்து, சாணம் படிந்திருந்தால் மாற்ற வேண்டும். இரவு முழுக்கக் கட்டோடு விடக் கூடாது. பழக்கமில்லாத குதிரைக்குப் புறப்படும் நாளில் முதன்முதலாகக் கட்டினால் மிரண்டு உதைக்கும்; நான்கைந்து நாள் முன்பே லாயத்தில் சிறிது நேரம் கட்டிப் பழக்கினால் அந்த அபாயம் குறையும். கட்டுபவர் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் உடலோடு ஒட்டி நிற்பது அவருக்குப் பாதுகாப்பு. தொல்லையே வேண்டாமென்று வாலைக் குட்டையாக வெட்டிவிடலாமே என்று யோசிப்பவர்கள் இருந்தால், மயிரை அளவாகக் கத்தரிப்பது வேறு, எலும்போடு நறுக்குவது வேறு. பின்னது அதே 11-ஆவது பிரிவு தண்டிக்கும் உறுப்புச் சிதைப்பு.

வால் தேய்ந்தாலே வண்டிதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. ஊசிப்புழு என்ற குடற்புழுவின் பெண்புழு, ஆசனவாயைச் சுற்றி ஒட்டும் பசையோடு முட்டையிடும். அரிப்பு தாங்காமல் குதிரை கண்ட இடத்தில் வாலைத் தேய்க்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய, கொசு போன்ற பூச்சியின் கடியால் வரும் ஒவ்வாமை, பேன், அழுக்கேறிய மடி அல்லது ஆணுறுப்பு உறை ஆகியவையும் இதே அடையாளத்தைக் காட்டும். வண்டியிலிருந்து இறங்கி இரண்டு நாளாகியும் லாயத்துச் சுவரில் தேய்ப்பது நிற்கவில்லையென்றால், கால்நடை மருத்துவர் ஆசனவாயருகில் ஒட்டுநாடா ஒற்றி நுண்ணோக்கியில் பார்த்து முட்டையைக் கண்டறிவார். அந்தக் குதிரைக்குத் தேவை மருந்து. வால் உறை அன்று.

வண்டிக்காரரின் அலட்சியத்தால் காயம் பட்டது உறுதியானால் உரிமையாளருக்கு வழி இருக்கிறது. ஆனால் அது ஏற்றும் முன்பே தொடங்க வேண்டும். வாலின் அடி, பின்னுடல், முழங்கால் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தை, தளவிரிப்பு, எத்தனை விலங்குகள், எங்கெங்கே நிறுத்தம் என்பதை வாடகைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மருத்துவச் சான்றின் நகல் வண்டியில் இருக்கட்டும். இறங்கிய உடனே மீண்டும் படம் எடுத்து, காயத்தை மருத்துவரிடம் எழுத்தில் பதியச் செய்யுங்கள். கொடுமை என்ற அளவில் காவல் நிலையத்திலும், மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலும், இந்திய விலங்குகள் நல வாரியத்திலும் புகார் தரலாம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அறுபதாண்டுகளுக்கும் மேலாக உயராத இந்தத் தொகை வேதனைக்குரியது, உடனே திருத்தப்பட வேண்டியது. ஆகவே பண இழப்புக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடுவதே பயன் தரும். சொந்த உபயோகத்துக்கோ, தானே உழைத்துப் பிழைக்கும் தொழிலுக்கோ குதிரை வைத்திருப்பவர், காசு கொடுத்துப் பெற்ற போக்குவரத்தில் சேவைக் குறைபாடு என்று அங்கே முறையிடலாம். காயம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். வழிகாட்டலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயணத்தின் நடுவே குதிரை காயப்பட்டால் கால்நடை மருத்துவ உதவிக்கு 1962.