முதிராத கடல்நீர்த் தொட்டியும் மென்மையான கடலுயிர்களும்

புதிதாக அமைக்கப்பட்ட கடல்நீர் மீன்தொட்டியில் தண்ணீர் தெளிந்து, உப்பின் அளவு சரியாகி, விளக்கும் பம்பும் சீராக இயங்கத் தொடங்கிய பின்னரும், கடற்சாமந்தி, நட்சத்திர மீன், மாண்டரின் மீன் போன்ற மென்மையான உயிர்கள் அதில் சில வாரங்களிலேயே மடிந்துபோவதுண்டு. இவ்விழப்புக்கு நோயின்மீதோ கருவியின்மீதோ பழி விழுவது வழக்கமாயினும், பெரும்பாலும் அடிப்படைக் காரணமாக இருப்பது தொட்டியின் இளமையே.

எந்தத் தொட்டியும் முதலில் கடக்கவேண்டியது நைட்ரஜன் சுழற்சியாகும். மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை வேறுவகை நுண்ணுயிரிகள் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிரிகளை 1890-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி தனித்துப் பிரித்துக் காட்டினார். புதிய தொட்டியின் பாறையிலும் மணலிலும் இவை போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாத நிலை வந்தவுடன் தொட்டி ஆயத்தமாகிவிட்டதாகக் கருதுகின்றனர்; உறுதியான சில மீன்களைப் பொறுத்தவரை அது சரியே.

ஆயினும் நச்சு நீங்கிய நீர் வேறு, முதிர்ந்த தொட்டி வேறு. சுழற்சி முடிந்த பின்னரே பாறைகளின்மேல் டயாட்டம் எனப்படும் நுண்பாசியின் பழுப்புப் படலமும், அதையடுத்துப் பச்சை இழைப்பாசியும் மாறிமாறித் தோன்றி அடங்குகின்றன. இளஞ்சிவப்பும் ஊதாவுமான சுண்ணாம்புப் பாசி பரவுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இந்த இடைக்காலத்தில்தான் கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழுக்களும் ஓட்டுடலிகளும் பாறையிடுக்குகளில் பெருகுகின்றன. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகளைக்கொண்டே கடல்நீர்த் தொட்டிகளை நடத்தும் தம் முறையை 1961-இல் வெளியிட்டார். ‘லைவ் ராக்’ என்று இன்று வழங்கும் அத்தகைய பாறையின் பயன் அதில் தங்கியுள்ள உயிர்க்கூட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், காய்ந்த பாறையை இட்டுத் தொடங்கிய தொட்டிக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு வேண்டும்.

மென்மை என்பது எல்லா உயிர்களுக்கும் ஒரே தன்மையதன்று. நட்சத்திர மீனால் தன் உடலிலுள்ள நீரின் உப்பளவைச் சுற்றுநீரிலிருந்து வேறுபடுத்திக் காத்துக்கொள்ள இயலாது. ஆகவே சுற்றுநீரின் உப்பு திடீரென மாறினால் அதன் திசுக்கள் நேரடியாகப் பாதிக்கப்படுகின்றன. கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது என்பதால், நூறு லிட்டர்த் தொட்டியில் ஐந்து லிட்டர் வற்றினால் அந்த அளவு ஏறத்தாழ 37 ஆகிவிடும். வற்றியதை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நாள்தோறும் ஈடுசெய்யும் பழக்கம் நிலைபெறாத தொட்டி நட்சத்திர மீனுக்கு ஏற்றதன்று. பாறையிலும் மணலிலும் படியும் நுண்படலத்தை மேய்ந்து வாழும் நட்சத்திர மீன்களுக்குப் புதிய தொட்டியில் உணவும் கிடைப்பதில்லை.

மாண்டரின் மீனின் சிக்கல் முழுக்க உணவைப் பற்றியது. பகல் முழுவதும் பாறையைக் கொத்திக் கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளை உண்ணும் இம்மீன், கடலிலிருந்து பிடிக்கப்பட்டதாயின் கடையில் கிடைக்கும் இரையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கோப்பிபாட்கள் தாமாகவே இனம்பெருக்கி நிலைத்திராத தொட்டியில், இருக்கின்றவற்றைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிட்டு, அது மெல்ல மெலிந்து இறக்கிறது.

கடற்சாமந்தியும் பவளமும் தம் திசுக்களுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கித்தரும் உணவைப் பெரிதும் நம்பியுள்ளன. வெப்பம் ஏறினாலோ ஒளி பொருந்தாவிட்டாலோ இப்பாசிகள் வெளியேறி உடல் வெளுக்கிறது. கோடையில் தொட்டி நீரைக் குளிர்விக்க ‘சில்லர்’ தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இடம் பிடிக்காத கடற்சாமந்தி தன் அடிப்பாதத்தால் நகர்ந்து பம்பில் சிக்கக்கூடும். அவ்வாறு சிக்கிச் சிதைந்தால் தொட்டி நீர் முழுவதையும் கெடுத்துவிடும். கல் பவளமோ தன் எலும்புக்கூட்டைக் கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து ஓயாமல் எடுப்பதால், இவற்றின் அளவு வாரந்தோறும் ஏறியிறங்கும் தொட்டியில் தேறுவதில்லை. இவ்வுயிர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை காத்திருக்குமாறு அனுபவமிக்க வளர்ப்போர் கூறுவதன் அடிப்படை இதுவே.

கொண்டுவரும் முறையிலும் கவனம் தேவை. நெடும்பயணத்தில் பையினுள் கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.எச். அளவு தாழ்வதால், அதிலுள்ள அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கிறது. பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறிப் பி.எச். உயர, அம்மோனியம் மீண்டும் நஞ்சாகிறது, பி.எச். ஓரலகு உயர்ந்தால் நச்சுப்பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகும். எனவே தொட்டி நீரைச் சொட்டுச்சொட்டாகக் கலந்து பழக்கும்போது, உப்பு வேறுபாட்டுக்காக நிதானமும், நெடுநேரம் பையில் கிடந்த உயிருக்காக விரைவும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. இரு நீரின் உப்பளவையும் முன்னரே அளந்து நெருக்கமாக்கி வைப்பதே இதற்குச் சிறந்த வழி. மீன்நோய்க்குப் பயன்படும் செம்பு மருந்து முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும் என்பதால், அச்சிகிச்சையைத் தனித்தொட்டியில்தான் செய்யவேண்டும்.

இந்தியாவில் கல் பவளங்கள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், அவற்றைக் கடலிலிருந்து பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளைக் காக்க வேண்டிய நிலத்தில் இச்சட்டத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. பொரிப்பகத்தில் பிறந்து தொட்டி வாழ்வுக்கும் கைத்தீனிக்கும் பழகிய அத்தகைய மீன்களே புதிய தொட்டிக்குப் பொருத்தமான தொடக்கம். அவற்றோடு தொடங்கி, நீரின் அளவுகளை வாரந்தோறும் குறித்துவைத்து, அவை பல மாதங்கள் நிலையாக இருப்பதைக் கண்ட பின்னரே மென்மையான உயிர்களைச் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அவ்வுயிர்களுக்கு வளர்ப்போர் ஆற்றவேண்டிய முதற்கடமையாகும்.